வேங்கடத்தின் அடியில் வாக்குச்சீட்டு
சித்தூர், திருப்பதித் தொகுதிகளின் வரலாறு கூறும் பாடம்

சென்னையிலிருந்து திருவேங்கடம் நோக்கிச் செல்லும் அடியவர் திருவள்ளூர், திருத்தணிகை வழியாக ஏகும்போது, நகரியை நெருங்குமுன் ஓரிடத்தில் ஊர்ப்பலகைகளின் எழுத்து மாறக் காண்பர். மலைத்தொடர் மாறுவதில்லை; மண்ணின் நிறம் மாறுவதில்லை; வயலில் நிற்கும் உழவரின் தோற்றமும் மாறுவதில்லை. எழுத்து ஒன்றே மாறுகின்றது. அவ்வெல்லைக்கோடு பழமையானதன்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்துதான் அஃது இன்றுள்ள இடத்தில் நிற்கின்றது.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தை வைத்தார் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்தோம். அதனால் திருப்பதி என்றதும் தமிழ் நெஞ்சில் இரு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று பத்தி, மற்றொன்று இழந்துவிட்டோமே என்னும் ஏக்கம். இவ்வேக்கம் எத்துணை அளவு நியாயமுடையது? எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்குக் குடியாட்சி எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் சித்தூர், திருப்பதித் தொகுதிகளின் தேர்தல் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பழைய மாவட்டம்

சித்தூர் என்னும் பெயர் சிற்றூர் என்பதன் திரிபு என்பர். அந்நகர் 1911 வரை வடாற்காடு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், வடாற்காட்டின் வடபகுதிகளும் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய பகுதிகளும் இணைக்கப்பட்டுச் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. வடாற்காட்டின் தலைமை வேலூருக்குப் பெயர்ந்தது. தெலுங்கு மிகுந்த மேற்கும், தமிழ் கலந்த தெற்கும் கிழக்கும் ஓர் ஆட்சியரின் கீழ் வந்தன. அனைத்தும் சென்னை மாகாணத்துக்குள் அடங்கியிருந்தமையால் இக்கலப்பு அன்று எவருக்கும் இடராகத் தோன்றவில்லை. சித்தூரில் வழக்குரைத்தவரும் சென்னையில் சட்டம் பயின்றவரே; திருப்பதியில் கற்றவரும் மேற்படிப்புக்குச் சென்னையையே நாடினார்.

இம்மாவட்டத்து மண் அரசியலுக்குப் புதிதன்று. காளத்தியில் பிறந்த பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே உரியது. ஏழை உழவனுக்கு அதில் இடமில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவராய் உயர்ந்த டாக்டர் இராதாகிருட்டிணன் 1888இல் பிறந்த திருத்தணிகையும் அன்று வடாற்காட்டில் இருந்து, பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியது. திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891இல் தோன்றிய எம். அனந்தசயனம் ஐயங்கார் சித்தூரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, விடுதலைப் போரில் ஈடுபட்டு, அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய முதற் பொதுத் தேர்தலில் திருப்பதித் தொகுதி அவரையே மக்களவைக்கு அனுப்பியது. 1957இல் சித்தூர்த் தொகுதி அனுப்பியது. 1956 முதல் 1962 வரை அவர் மக்களவைத் தலைவராக வீற்றிருந்தார். இவர்களுள் ஒருவரைத் தமிழர் என்றும் மற்றொருவரைத் தெலுங்கர் என்றும் பிரித்துக் கணக்கிட முனைவோர் விரைவிலேயே களைத்துப் போவர். அந்நிலம் இருமொழி நிலம். அதன் மைந்தரும் இருமொழியாளரே.

முதல் அளவுகோல்: மாவட்டம்

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சித்தூர் மாவட்ட வாக்காளர், 375 உறுப்பினரைக் கொண்ட சென்னைச் சட்டமன்றத்துக்குத் தம் பேராளரைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் பொட்டி சிறீராமுலு தனி ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பு தொடங்கினார். திசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். நாடெங்கும் எழுந்த கொதிப்பைக் கண்ட தலைமையமைச்சர் நேரு, சில நாள்களிலேயே ஆந்திர மாநிலம் அமையும் என அறிவித்தார். 1953 அக்டோபர் முதல் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அம்மாநிலம் பிறந்தது.

ஈண்டு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. புதிய மாநிலத்துக்குப் புதிய தேர்தல் நடைபெறவில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் இருந்த 140 உறுப்பினர் அப்படியே ஆந்திரச் சட்டமன்றமாயினர். சென்னைக்கென வாக்களித்த சித்தூர்க் குடிமகன் ஒருநாள் காலையில் கண் விழித்தபோது, தன் உறுப்பினர் கர்நூலில் அமர்ந்திருக்கக் கண்டான். அவன் வாக்கு மாறவில்லை. வாக்குச் சென்றடைந்த ஊர் மாறிற்று.

அன்று எல்லை வகுக்கக் கொள்ளப்பட்ட அளவுகோல் மாவட்டம். மாவட்டத்தை மொத்தமாகக் கணக்கிட்டால் சித்தூரில் தெலுங்கு பேசுவோரே மிகுதி. ஆதலின் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு சென்றது. மொத்தக் கணக்கில் பிழையில்லை. எனினும் திருத்தணியில் வாழ்ந்த தமிழனின் தலை, மதனப்பள்ளித் தலைகளோடு சேர்த்து எண்ணப்பட்டது. அளவுகோல் பெரிதாக இருப்பின் சிறுபான்மை அதற்குள் மறைந்துபோகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் அளவுகோல்: ஊர்

இதனை எதிர்த்து எழுந்ததே வடவெல்லைப் போராட்டம். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்த ம. பொ. சிவஞானம் அதற்குத் தலைமை தாங்கினார். எல்லைப் பகுதியில் தமிழ்க் கல்விக்காக உழைத்த ஆசிரியர் மங்கலங்கிழார் அப்போராட்டத்துக்கு வேராக இருந்தார், வழக்கறிஞர் கே. விநாயகம் துணை நின்றார். மறியல்களும் சிறை புகுதலும் நிகழ்ந்தன. தெலுங்கு மக்கள் சென்னை நகரைக் கேட்டனர். தமிழ் மக்கள் திருப்பதியைக் கேட்டனர். இரு தரப்பினரும் தத்தம் இலக்கியத்தையும் வணிகத்தையும் வழிபாட்டையும் சான்றுகாட்டினர். சென்னை தமிழருக்கே நின்றது. திருப்பதி ஆந்திரத்துக்கே நின்றது.

ம.பொ.சி. முதலில் வேங்கட மலையையே கோரினார். பின்னர், திருமால் குன்றம் கைகூடாவிடினும் முருகன் குன்றமாவது தமிழகத்துக்கு வேண்டும் என்னும் நிலையை அடைந்தார். இதனைப் பின்வாங்கல் என்று அக்காலத்தில் எள்ளியவர் உண்டு. ஆயின் ஆழ்ந்து நோக்குமிடத்து, பாயிரத்தை அடிப்படையாகக் கொண்ட உரிமைக்கும் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட உரிமைக்கும் உள்ள வேற்றுமையை அவர் உணர்ந்துகொண்டார் என்றே கூறல் வேண்டும். பழம்பெருமை எவ்வளவு உயர்ந்ததாயினும், இன்று அவ்வூரில் குடியிருப்போர் எம்மொழியினர் என்னும் கேள்விக்கு அது விடையாகாது.

இரு மாநிலங்களும் உடன்பட, நடுவராக எச். வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவர் மாவட்டத்தையும் தாலுகாவையும் விடுத்து, ஊரை அளவுகோலாகக் கொண்டார். எவ்வூரில் எம்மொழி பேசுவோர் மிகுதி, அவ்வூர் தன் மொழி மாநிலத்தை ஒட்டி அமைந்துள்ளதா என்னும் இரண்டையும் நோக்கினார். இம்முறை பிற்காலத்தில் ஏனைய மாநில எல்லை வழக்குகளிலும் படாஸ்கர் முறை என எடுத்துக்காட்டப் பெறுவதாயிற்று. அவர் தீர்ப்பின் வழியே 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அவற்றைச் சார்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்தை அடைந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து தெலுங்கு மிகுந்த ஊர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தன.

அன்று ஊர்களோடு ஒரு சட்டமன்ற இடமும் இடம்பெயர்ந்தது. 205 உறுப்பினரைக் கொண்டிருந்த சென்னைச் சட்டமன்றம் 206 உறுப்பினரைப் பெற்றது. பத்தாண்டுக்குள் திருத்தணி வாக்காளர் கண்ட மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். 1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். 1955 இடைக்காலத் தேர்தலில் 196 இடங்களைக் கொண்ட ஆந்திரச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். 1956 நவம்பரில் ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரே தொடர்ந்தமையால், 1957இல் நாடெங்கும் சட்டமன்றத் தேர்தல் நிகழ்ந்தும் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. 1962இல் மீண்டும் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே மாநிலம் விட்டு மாநிலம் சென்று மீண்ட மக்கள் அவர்கள்.

1967 தேர்தல் மற்றொரு காட்சியைக் காட்டிற்று. தி.மு.க. பெருவெற்றி பெற்ற அத்தேர்தலில், அதன் அணியில் நின்ற ம.பொ.சி. தியாகராய நகரில் வென்றார். எல்லைப் போரில் அவரோடு தோள் சேர்ந்து நின்ற விநாயகம், காங்கிரசுக் கட்சியின் சார்பில் திருத்தணியில் வென்று எதிர்வரிசையில் அமர்ந்தார். எல்லைக்காக ஒன்றுபட்டவர்கள், எல்லை கிடைத்தபின் கொள்கையால் வேறுபட்டனர். குடியாட்சியில் இஃது இயல்பே, சிறப்புமாகும்.

மூன்றாம் அளவுகோல்: தொகுதி

மாவட்டக் கணக்கும் ஊர்க் கணக்கும் முடிந்தபின் எஞ்சி நின்றவர் யாவர்? சித்தூர் நகரிலும், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய இடங்களிலும், திருப்பதியின் கடைத்தெருக்களிலும் வாழும் தமிழர். எல்லையை ஒட்டிய ஊர்கள் சில பெரும்பான்மைக் கணக்கில் தவறின. சில தமிழகத்தோடு ஒட்டியிருக்கும் வாய்ப்பை இழந்தன. சில நகரங்களில் தமிழர் எஞ்ஞான்றும் சிறுபான்மையினரே. இவர்களுக்கு மாநிலமும் எல்லையும் இனி மாறப்போவதில்லை. இவர்கள் கையில் எஞ்சியது தொகுதி என்னும் அளவுகோலே.

திருப்பதித் தொகுதியை முதற்கண் நோக்குவோம். 1978இல் இங்கு வெற்றி பெற்ற அகரால ஈசுவர ரெட்டி, 1982இல் ஆந்திரச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரானார். மக்களவைக்கு ஒரு தலைவரையும் மாநிலப் பேரவைக்கு ஒரு தலைவரையும் தந்த பெருமை இவ்வூர்க்கு உண்டு. 1983 சனவரியில், கட்சி தொடங்கி ஓராண்டும் நிறையாத என். டி. இராமாராவ் குடிவாடாவிலும் திருப்பதியிலும் போட்டியிட்டு இரண்டிலும் வென்றார். திரைப்படத்தில் வேங்கடவனாகத் தோன்றியவர், வேங்கடவன் அடியிலேயே வாக்குக் கேட்டார் என மக்கள் பேசிக்கொண்டனர். அவரும் நம் எம்.ஜி.ஆரும் முதலமைச்சர்களாக இருந்த அவ்வாண்டிலேயே தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு உடன்பாடு கண்டனர். சத்தியவேட்டுப் பக்கமாகச் செல்லும் அக்கால்வாயின் நீர் 1996இல் பூண்டி ஏரியை அடைந்தது. எல்லைக்காக மல்லாடிய மண்ணின் வழியாகவே சென்னைக்குக் குடிநீர் வந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

2009இல் மற்றொரு நடிகரான சிரஞ்சீவி, தாம் நிறுவிய பிரசா ராச்யம் கட்சியின் சார்பில் பாலக்கொல்லில் தோற்றுத் திருப்பதியில் வென்றார். அவர் மாநிலங்களவைக்குச் சென்றமையால் 2012இல் இடைத்தேர்தல் வந்தது. முன்னர் அவரிடம் தோற்ற பூமன கருணாகர ரெட்டி வென்றார். 2014இல் தெலுங்கு தேசத்தின் வெங்கடரமணா வென்று, அவ்வாண்டே காலமானார்; 2015இல் அவர் துணைவியார் சுகுணா வென்றார். ஆறாண்டுக்குள் நான்கு முறை சட்டமன்றத்துக்கு வாக்களித்த நகரம் இது. 2019இல் கருணாகர ரெட்டி மீண்டும் வென்றபோது வேற்றுமை 708 வாக்குகளே. ஒரு தெருவில் வாழும் மக்கள் முடிவை மாற்றியிருக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எண்ணிக்கையில் சிறியோரும் இத்தகைய தொகுதியில் எளியோர் அல்லர்.

சித்தூர்த் தொகுதி வேறு இயல்புடையது. இங்கே திரைப்புகழைக் காட்டிலும் நகரத்து வேரே வலிமை மிக்கது. சி. கே. பாபு என மக்கள் அழைக்கும் செயச்சந்திர ரெட்டி 1989, 1994, 1999, 2009 என நான்கு முறை வென்றார். 2014இல் தெலுங்கு தேசத்தின் டி. கே. சத்தியபிரபா வென்றார். 2019இல் இங்கு வென்ற ஆரணி சீனிவாசுலு, 2024இல் கட்சி மாறிச் சன சேனையின் சார்பில் திருப்பதியில் வென்றார். இரு நகரங்களும் ஒருவரையே அடுத்தடுத்துத் தேர்ந்தெடுத்தமை, அவை தனித்தனி உலகங்கள் அல்ல என்பதைக் காட்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபின்னும் இவ்வுறவு அறவில்லை.

எல்லையோரத் தொகுதிகளில் சிறு வாக்கு வேற்றுமையின் வலிமை இன்னும் துலங்கும். நகரியில் 2014இல் நடிகை ரோசா 858 வாக்குகளில் வென்றார். தமிழ்த் திரையில் அறிமுகமான முகம் அங்கு அயல்முகமன்று. தமிழகமும் கருநாடகமும் கூடும் முனையிலுள்ள குப்பம், 1989 முதல் 2024 வரை எட்டுத் தேர்தல்களிலும் நா. சந்திரபாபு நாயுடுவையே தேர்ந்தெடுத்தது. அங்கு 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்தது. மும்மொழி கூடும் ஊரில் திராவிட மொழிகளுக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைந்தமை பொருத்தமே. மாறாகப் புத்தூர், 2008 தொகுதிச் சீரமைப்பில் தனியொரு தொகுதி என்னும் நிலையை இழந்தது. மாநில எல்லை அசையாதிருப்பினும் தொகுதி எல்லை அசைந்துகொண்டே இருக்கும். அதனோடு சிறுபான்மையின் வலிமையும் ஏறும், இறங்கும்.

வாக்கு தந்ததும் தராததும்

இவ்வரலாற்றில் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கின்றது. 1953க்கும் 1960க்கும் இடையே இம்மண்ணில் அரசியல் என்றாலே மொழிதான். அதற்குப்பின் நடந்த தேர்தல்களில் கட்சி, குலம், தலைவர், தண்ணீர், சாலை, நில விலை ஆகியவை பேசப்பட்டன. தமிழா தெலுங்கா என்னும் வினா மெல்ல மறைந்தது. இதனை இழப்பென்பதா, ஆக்கமென்பதா?

ஒருவகையில் ஆக்கமே. தமிழ் பேசும் வணிகரும் நெசவாளரும் உழவரும் அங்கு அயலாராக நடத்தப்படாமல், வாக்காளராக மதிக்கப்படுகின்றனர். வேட்பாளர் அவர்கள் வாயிலில் வந்து நிற்கும்போது அவர்கள் மொழியிலேயே இரண்டு சொல் பேச முயல்கின்றார். பகைமை அடங்கிய இடத்தில் அண்டைமை வளர்ந்தது.

மற்றொரு வகையில், வாக்கு செய்ய இயலாத ஒன்றும் வெளிப்படுகின்றது. வாக்குச்சீட்டு சாலை தரும், குடிநீர் தரும், உறுப்பினரைத் தரும். தாய்மொழியைத் தாராது. தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் மாநிலங்களைப் பணிக்கின்றது. ஆயின் பிள்ளையை அவ்வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் இல்லையேல் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். எல்லைப் போராட்டத்தின் மறியல்களை நாம் நினைக்கின்றோம். அதற்கு முன்னரே மங்கலங்கிழார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவித்ததை மறந்துவிடுகின்றோம். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஊரில் இருந்தமையால்தான், ஊரை அளவுகோலாகக் கொண்டு எண்ணியபோது தமிழ் எண்ணிக்கையில் நின்றது.

திருமலையையே பாருங்கள். அங்குள்ள கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. மார்கழியில் அங்குச் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவையே ஒலிக்கின்றது. இதனை எந்தத் தேர்தலும் தந்ததில்லை. எந்த எல்லைச் சட்டமும் பறித்ததில்லை. ஓதுவோர் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்தமையால் அது நின்றது. திருப்பதியை இழந்தோம் என்னும் ஏக்கத்துக்கு இதுவே சரியான மறுமொழி எனத் தோன்றுகின்றது. நிலம் கணக்கின்படி சென்றது. ஓதுதல் பழக்கத்தின்படி நின்றது.

பிழைப்பை நாடி மாநிலம் கடந்தும் கடல் கடந்தும் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. சித்தூர்த் தமிழர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைக் கடந்து சென்றது. நாமோ எல்லையைக் கடந்து வந்தோம். இருவர் நிலையும் இன்று ஒன்றே. பெரும்பான்மையோரின் மொழி ஆளும் மண்ணில், நம் பெயர் வாக்காளர் பட்டியலில் ஒரு வரி. அவ்வரியைப் பொறுப்போடு பயன்படுத்துவது நம் குடிமைக் கடன். வாழும் மண்ணின் நலத்தில் பங்கு கொள்ளாதவன் அங்கு விருந்தாளியாகவே காலம் கழிப்பான்.

ஆனால் அவ்வரி நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்றுத்தரும் என எதிர்பார்த்தல் வீண். அதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சங்கத்தின் கூடத்தில் விரிக்கும் பாயும், கரும்பலகையும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் வேண்டும். அடுத்த முறை திருவேங்கடம் செல்லும் வழியில், ஊர்ப்பலகையின் எழுத்து மாறும் அவ்விடத்தில், வண்டியில் நம்மோடிருக்கும் பிள்ளையிடம் இரு பலகைகளையும் படிக்கச் சொல்லுவோம். இரண்டையும் படித்தால் மிக நன்று. முதற் பலகையை மட்டுமாவது தட்டின்றிப் படித்துவிட்டால், வடவெல்லைக்காகச் சிறை சென்றோரின் உழைப்பு வீண்போகவில்லை என நாம் மகிழலாம்.